வெளியே பணம் அனுப்பச் சொல்கிறார்களா? – விடுமுறை வீடு பற்றி வாசகர் கேள்வி-பதில்

விடுமுறைக்கு வீடு எடுத்துத் தங்குவது பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தோம். வந்தவற்றில் பெரும்பாலானவை ஏமாற்று வேலைகள் பற்றியவைதான். சிலர் பணம் போன பிறகு எழுதியிருக்கிறார்கள், படிக்கவே வருத்தமாக இருந்தது. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: கடலைப் பார்த்தபடி ஒரு வீடு, பத்துப் பேர் தாராளமாகத் தங்கலாம். பக்கத்து வீடுகளில் கேட்பதில் பாதி வாடகைதான். வீடு வாடகைக்குப் பிடித்துத்தரும் ஏர்பிஎன்பி தளத்தில் பார்த்தோம். மெசேஜ் அனுப்பிய உடனே பதில் வந்தது. "இங்கே புக் செய்தால் கமிஷன் போய்விடும், வாட்ஸ்அப்புக்கு வாருங்கள், நேராக என் அக்கவுண்டுக்கு அனுப்பினால் இன்னும் 20 சதவீதம் குறைக்கிறேன்" என்கிறார். தன் அடையாள அட்டையையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார். இன்று மாலைக்குள் சொல்லாவிட்டால் வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவாராம். நம்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். மாலை வரை யோசிக்கவும் வேண்டாம்.

அந்த வீடு நிஜமாகவே இருக்கலாம், அவர் நல்லவராகவும் இருக்கலாம், அது எனக்கும் தெரியாது உங்களுக்கும் தெரியாது. ஆனால் அவர் சொல்கிற வழியில் அனுப்பினால், நாளைக்கு ஏதாவது ஆனபிறகு அந்தப் பணத்தைத் தளத்திடம் கேட்க உங்களுக்கு வழியே இல்லை. இதில் சந்தேகமே வேண்டாம். ஏர்பிஎன்பியில் நீங்கள் கட்டும் பணம் உடனே வீட்டுக்காரர் கைக்குப் போய்விடாது. தளமே அதைப் பிடித்து வைத்திருந்து, நீங்கள் வீட்டுக்குள் நுழைய வேண்டிய நேரம் தாண்டி சுமார் 24 மணி நேரம் கழித்துத்தான் அவருக்கு அனுப்பும். இந்த ஒரு நாள் இடைவெளி மிகவும் முக்கியம். போய் இறங்கினால் அப்படி ஒரு வீடே இல்லை, அல்லது வேறு யாரோ கதவைத் திறக்கிறார்கள் என்றால், பணம் இன்னும் நடுவிலேயே நிற்கும்போது நீங்கள் புகார் செய்ய முடியும். ஏமாற்றுகிறவருக்கும் இது நன்றாகத் தெரியும், அதனால்தான் உங்களை எப்படியாவது தளத்துக்கு வெளியே இழுக்கப் பார்க்கிறார். கமிஷன் மிச்சம் என்பது அதற்கு ஒரு சாக்கு. "என் காலண்டரில் கோளாறு, இங்கே தேதி திறக்கவில்லை" என்பது இன்னொன்று. "என் மேனேஜர்தான் புக்கிங் பார்க்கிறார், அவருக்கு மெயில் போடுங்கள்" என்று சொல்லி, அந்த மேனேஜர் பெயரில் தளத்தின் லோகோவோடு அச்சு அசலாக ஒரு இன்வாய்ஸ் வருவதும் உண்டு. அந்த இன்வாய்ஸின் கீழே பணம் கட்டச் சொல்லி இருக்கும் இடத்தைப் பாருங்கள், யாரோ ஒரு தனிநபரின் வங்கிக் கணக்கு எண் இருக்கும்.

ஒன்றைக் கவனித்திருக்கலாம், புக் செய்யும்வரை ஏர்பிஎன்பியின் மெசேஜில் போன் நம்பரோ மெயில் முகவரியோ அனுப்பினால் தளம் அதை மறைத்துவிடும். அதனால் நம்பரை எழுத்தால் எழுதுவார்கள், ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் புள்ளி வைப்பார்கள், வீட்டு போட்டோவின் ஓரத்திலேயே மெயில் முகவரியைப் பொடி எழுத்தில் போட்டு வைப்பார்கள். நேர்மையாக வாடகைக்கு விடுகிறவருக்கு இத்தனை பாடு தேவையில்லை. இப்படி ஒன்றைப் பார்த்தாலே அந்த வீட்டை விட்டுவிடுங்கள், தளத்திலும் புகார் செய்துவிடுங்கள்.

அடையாள அட்டை விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் விழுவது இங்கேதான். அட்டையின் படத்தை வைத்து எதையுமே நிரூபிக்க முடியாது. அது திருடப்பட்டதாக இருக்கலாம். பல நேரங்களில் இதற்கு முன்னால் ஏமாந்த ஒருவர், "புக்கிங்குக்கு வேண்டும்" என்று கேட்டதால் அனுப்பிய அட்டையாகவே இருக்கும். உங்களிடமும் பாஸ்போர்ட் நகல் கேட்டிருந்தால் கொடுக்காதீர்கள், அடுத்தவரை நம்பவைக்க அது போய்ச் சேரும். தங்கும் இடத்தில் அடையாளம் காட்டுவது பல நாடுகளில் சட்டப்படி கட்டாயம்தான், ஆனால் அதைத் தளத்தின் வழியாகவோ நேரில் போய் நிற்கும்போதோ காட்டினால் போதும்.

மாலைக்குள் சொல்லுங்கள் என்கிற அவசரம், பாதி வாடகை, நேரடிப் பணம் மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்து வந்திருக்கின்றன. ஒரு காரியம் செய்து பாருங்கள். "சரி, எனக்கு வீடு பிடித்திருக்கிறது, ஆனால் தளத்திலேயே கட்டுகிறேன், கமிஷன் போனால் பரவாயில்லை" என்று எழுதுங்கள். நல்லவருக்கு இதில் மறுக்க எதுவும் இல்லை. மற்றவர் கோபப்படுவார், அல்லது புதிதாக ஒரு காரணம் சொல்வார், அல்லது சத்தமில்லாமல் காணாமல் போவார்.

கேள்வி: எல்லாமே தளம் வழியாகத்தான் என்றால், சொந்தமாக வெப்சைட் வைத்து வீடு விடுகிறவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்களா?

பதில்: இல்லவே இல்லை. வருடக்கணக்காக நேர்மையாக வீடு விடுகிற எத்தனையோ பேர் தளங்களுக்குப் போவதே இல்லை, வாடகையும் அவர்களிடம் குறைவாகவே இருக்கும். ஆனால் நடுவில் ஆள் இல்லாததால், தளம் செய்கிற சரிபார்ப்பை நீங்களே செய்ய வேண்டியிருக்கும்.

முதலில் அந்த வெப்சைட்டின் வயதைப் பாருங்கள். ஐகேன் என்ற அமைப்பு இணைய முகவரிகளை நிர்வகிக்கிறது, அதன் தேடல் பக்கத்தில் முகவரியைக் கொடுத்தால் அது எந்தத் தேதியில் பதிவானது என்பது பெரும்பாலும் வந்துவிடும். "இருபது வருட அனுபவம்" என்று முகப்பில் போட்டிருக்கிறார்கள், முகவரி பதிவானது போன மாதம் என்றால் அதற்கு மேல் பார்க்க வேண்டியதில்லை. அடுத்து, அவர்கள் கொடுத்த போன் நம்பரை விட்டுவிட்டு நீங்களாக ஒரு நம்பர் தேடுங்கள். வரைபடத்தில் அந்த வீட்டின் பெயரில் இருக்கும் நம்பர், அந்த ஊரின் சுற்றுலா அலுவலகம், பக்கத்தில் இருக்கும் ஒரு கடை என எங்கேயாவது கேட்டுப் பாருங்கள். அந்த வீட்டைத் தெரிந்தவர் ஒருவர் கிடைத்தாலே பெரிய விஷயம்.

பணத்துக்கு கிரெடிட் கார்டுதான் நல்லது, ஏனென்றால் வீடு கிடைக்காவிட்டால் வங்கியிடம் அந்தத் தொகையை மறுத்துக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. இதைத்தான் சார்ஜ்பேக் என்பார்கள். டெபிட் கார்டிலும் கேட்கலாம், ஆனால் பணம் ஏற்கெனவே உங்கள் கணக்கை விட்டுப் போயிருக்கும். வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்புவது கிட்டத்தட்டப் பணத்தைக் கையில் கொடுத்த மாதிரி. கிஃப்ட் கார்டு நம்பரை அனுப்பு, கிரிப்டோவில் போடு, வெஸ்டர்ன் யூனியன் மாதிரி பண அனுப்பும் கடையில் கட்டு என்று யாராவது வாடகை கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். அந்த வழியில் போன பணம் சில நிமிடங்களில் யாரோ ஒருவர் கையில் ரொக்கமாகிவிடும், அதனால்தான் மோசடிக்காரர்களுக்கு அது அவ்வளவு பிடிக்கும். 2017-ல் வெஸ்டர்ன் யூனியனே, தன் வழியாக நடந்த மோசடிகளுக்குத் துணைபோனதை அமெரிக்க அரசிடம் ஒப்புக்கொண்டு 58.6 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. தெரிந்தவர்களுக்குப் பணம் அனுப்பத்தான் அந்த வழி, முகம் தெரியாதவருக்கு வாடகை கட்ட அல்ல.

கேள்வி: போட்டோவை வைத்தே போலி வீட்டைக் கண்டுபிடிக்க முடியுமா? இப்போது ஏஐயே படம் போட்டுக் கொடுக்கிறதே?

பதில்: ஓரளவுக்கு முடியும். போட்டோ சரியாக இருந்தால் வீடும் உண்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அது ஒன்றுதான் எச்சரிக்கை.

போலி விளம்பரங்களில் பெரும்பாலும் இருப்பவை திருடின படங்கள். வேறொரு ஊரில் விற்பனைக்குப் போட்ட வீடு, ஏதோ ஒரு ஹோட்டல், உள் அலங்காரம் செய்கிறவரின் பக்கம் இங்கிருந்தெல்லாம் எடுத்திருப்பார்கள். போனில் அந்தப் படத்தை, படத்தை வைத்தே தேடும் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள், டின்ஐ என்ற தளத்திலும் போடுங்கள். ஒரே வரவேற்பறை மூன்று நாடுகளில் மூன்று பெயர்களில் இருந்தால் விஷயம் முடிந்தது. ஒரு படம் மட்டும் போட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். கண்ணைக் கவரும் முதல் படத்தை எடிட் செய்து மாற்றியிருப்பார்கள், இடவலமாகத் திருப்பியும் போட்டிருப்பார்கள், அப்போது தேடலில் சிக்காமல் போகலாம். ஆனால் பாத்ரூம் படம், படிக்கட்டுப் படம், பால்கனியின் ஒரு மூலை இதையெல்லாம் யாரும் மெனக்கெட்டு மாற்றுவதில்லை. சுவரில் எழுத்து இருக்கிற படம் கிடைத்தால் அது கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறிய எழுத்தா என்று பாருங்கள், திருப்பிப் போட்ட படம் அதிலேயே தெரிந்துவிடும்.

ஏஐ படத்துக்கு நான் பார்ப்பது வீட்டின் கணக்கை. ஹாலின் ஒரு படத்தில் ஜன்னல் இரண்டு, அதே ஹாலை மறுபக்கத்திலிருந்து எடுத்ததில் மூன்று. ஒரு படத்தில் ஜன்னல் வழியே கடல், பக்கத்து அறையில் அதே திசையில் மலை. சோபாவுக்கு மூன்று கால், ஸ்விட்ச் போர்டே இல்லாத சமையலறை. ஒரே அறையை இரண்டு கோணத்தில் காட்டும் படங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் இது புலப்படும், தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். எல்லா அறைக்கும் ஒரே ஒரு படம்தான் போட்டிருக்கிறார்கள் என்றால் அதுவே ஒரு கேள்வி.

அப்புறம் வெளியே வாருங்கள். கூகுள் மேப்ஸின் ஸ்ட்ரீட் வியூ அந்தத் தெருவுக்கு இருந்தால் உள்ளே போய்ப் பாருங்கள். புக் செய்வதற்கு முன் தளங்கள் சரியான முகவரியைக் காட்டாமல் ஒரு வட்டம் மட்டும் போட்டுக் காட்டுவது சகஜம், அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஆனால் "ஐந்தாவது மாடி, கடல் காட்சி" என்று எழுதியிருக்கிறார்கள், அந்த வட்டத்துக்குள் இரண்டு மாடிக்கு மேல் கட்டடமே இல்லை என்றால் கேட்கத்தான் வேண்டும்.

இதற்கெல்லாம் மேலே ஒரு சோதனை இருக்கிறது. தளத்தின் மெசேஜ் வழியாகவே வீட்டுக்காரரிடம், சமையலறைக் குழாயைத் திறந்து, அப்படியே ஜன்னல் வரை நடந்து, வெளியே தெரிவதைக் காட்டும் ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். உண்மையான வீட்டுக்காரர் அன்றைக்கு ஊரில் இல்லாமல் இருக்கலாம், முடியாது என்றுகூடச் சொல்லலாம், ஆனால் இரண்டு நாளில் யாரையாவது விட்டு எடுத்து அனுப்ப வழி இருக்கும். வீடே இல்லாதவருக்கு அந்த வழி கிடையாது.

கேள்வி: 4.9 நட்சத்திரம் இருந்தால் போதுமா?

பதில்: எத்தனை பேர் போட்டது, எவ்வளவு காலமாகப் போட்டது என்று பாருங்கள். ஒரே வாரத்தில் வந்த பத்துப் பாராட்டுகளைவிட, இரண்டு வருடத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்த பாராட்டுகள் எவ்வளவோ மேல். "அருமையான இடம், கட்டாயம் போங்கள்" என்று மட்டும் எழுதியிருந்தால் அதில் ஒன்றுமே இல்லை. "சூடு தண்ணீர் வரக் கொஞ்ச நேரம் ஆகிறது, மேல் அறைக்குப் போகும் படி செங்குத்து, வயதானவர்களுக்குச் சிரமம்" என்று ஒருவர் குறை சொல்லியிருந்தால் அவர் அங்கே தங்கியிருக்கிறார் என்று தெரிகிறது. மோசமான விமர்சனங்களை முதலில் படியுங்கள். வீட்டுக்காரரின் பெயரைத் தட்டி, அவருடைய மற்ற வீடுகளுக்கு வந்த விமர்சனங்களையும் பாருங்கள், பாராட்டில் சொல்லியிருக்கும் வீடு வேறு, இப்போது போட்டிருக்கும் வீடு வேறு என்பது சில சமயம் அங்கேதான் தெரியும். விமர்சனமே இல்லாத புதிய வீடு என்றால் ஒதுக்க வேண்டும் என்பதில்லை, எல்லாருக்கும் முதல் விருந்தாளி என்று ஒருவர் வேண்டும். ஆனால் புதிய வீடு, பாதி விலை, வெளியே பணம் மூன்றும் சேர்ந்தால் வேண்டாம்.

கேள்வி: புக்கிங்.காம் ஆப்பில் முறையாக புக் செய்தேன். இரண்டு வாரம் கழித்து, அந்த ஆப்பின் மெசேஜ் பகுதியிலேயே, தங்கும் இடத்தின் பெயரிலேயே செய்தி வந்தது. என் பெயர், தேதி, தொகை எல்லாம் சரி. "கார்டைச் சரிபார்க்க வேண்டும், 12 மணி நேரத்துக்குள் இந்த லிங்க்கில் செய்யாவிட்டால் புக்கிங் ரத்து" என்று இருந்தது. தளத்துக்குள்ளேயே வந்தால் நம்பித்தானே ஆக வேண்டும்?

பதில்: இல்லை, இப்போது நடக்கிற ஏமாற்றில் எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். ஜாக்கிரதையாக இருக்கிறவர்களும் இதில் மாட்டுகிறார்கள்.

தங்கும் இடத்தின் கம்ப்யூட்டருக்குள்தான் புகுந்திருப்பார்கள். வரவேற்பில் இருப்பவருக்கு, விருந்தாளி புகார் செய்திருக்கிறார் என்பது மாதிரி ஒரு மெயில் வரும். அவர் அதைத் திறந்து, அது சொன்னபடி செய்ததும் அந்த இடத்தின் பாஸ்வேர்டு வெளியே போய்விடும். 2025 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் இப்படிப்பட்ட ஒரு வேலையைப் பற்றி விரிவாக எழுதியது. புக்கிங்.காம் அனுப்பியது போன்ற மெயில்கள் தங்கும் விடுதி ஊழியர்களுக்குப் போயிருந்தன, போலியான 'நான் ரோபோ இல்லை' பக்கம் ஒன்று அவர்களையே தங்கள் கம்ப்யூட்டரில் ஒரு கட்டளையை ஒட்டி இயக்க வைத்திருக்கிறது. பாஸ்வேர்டு கைக்கு வந்தபின் திருடன் அந்த விடுதியின் அக்கவுண்டுக்குள்ளேயே உட்கார்ந்து, வரப்போகிற விருந்தாளிகளின் பட்டியலைப் பார்த்து, ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி எழுதுகிறான். அதனால்தான் உங்கள் தேதியும் தொகையும் அவ்வளவு சரியாக இருந்தன.

செய்தி உள்ளே வந்தாலும் அதிலிருக்கும் லிங்க் உங்களை வெளியேதான் கூட்டிப்போகும். தெரிந்துகொள்ள முகவரியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், ஒரு நிமிட வேலை. ஆரம்பத்தில் வரும் எச்டிடிபிஎஸ், இரண்டு சாய்கோடு இதை விட்டுவிட்டு, அதற்கு அடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோடு எங்கே என்று பாருங்கள். சாய்கோடே இல்லையென்றால் முகவரி முடிகிற இடம். அந்த இடத்திலிருந்து இடதுபக்கமாகத் திரும்பி வாருங்கள். முதலில் வருவது 'காம்' மாதிரி ஒரு முடிவு, அதற்கு இடதுபக்கம் புள்ளிக்கு முன்னால் இருக்கும் சொல்தான் அந்தப் பக்கத்தின் உண்மையான சொந்தக்காரர். அந்த இடத்தில் 'புக்கிங்' என்ற சொல் மட்டும், ஒட்டும் ஹைபனும் எண்ணும் இல்லாமல் நிற்க வேண்டும், முடிவும் 'காம்' ஆகவே இருக்க வேண்டும். 'புக்கிங்.காம்.ரிசர்வ்-4471.இன்ஃபோ' என்று இருந்தால் சொந்தக்காரர் 'ரிசர்வ்-4471', முன்னால் இருக்கும் புக்கிங்.காம் வெறும் அலங்காரம். போனில் முகவரி முழுதாகத் தெரியாது, ஆரம்பம் மட்டும் தெரியும், அவர்களுக்கு அதுவே வசதி. முகவரிப் பட்டியைத் தட்டி முழுவதையும் நகர்த்திப் பாருங்கள்.

இன்னும் எளிதான வழி, லிங்க்கைத் தொடவே தொடாதீர்கள். புக்கிங் உறுதியானபோது வந்த பக்கத்தில் பணம் எப்போது, எப்படிக் கட்ட வேண்டும் என்ற விதி இருக்கும். புக்கிங்.காமில் சில இடங்கள் முன்பே கார்டில் எடுக்கும், சில இடங்கள் நேரில் வாங்கும், இரண்டுமே முறையானதுதான். செய்தியில் கேட்பது அந்த விதிக்கு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் தளத்தின் உதவி எண்ணை ஆப்புக்குள்ளிருந்தே எடுத்துக் கூப்பிடுங்கள். கார்டு விவரம் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு கார்டை ப்ளாக் செய்யுங்கள், மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

கேள்வி: இணைய முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் பாதுகாப்பு என்பார்களே?

பதில்: உங்களுக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவே போகும் தகவலை மற்றவர் படிக்க முடியாது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். அந்தப் பக்கமே திருடனுடையது என்றால் தகவல் பத்திரமாகத் திருடனிடம் போய்ச் சேரும். போலித் தளங்களுக்கும் அந்தப் பூட்டைக் காட்டவைக்கும் சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது. மக்கள் இதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால்தான் 2023-ல் கூகுள் குரோம் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது.

கேள்வி: நாங்கள் வீட்டை வாடகைக்கே விடுவதில்லை. ஒரு சனிக்கிழமை காலை, குழந்தைகளோடும் பெட்டிகளோடும் ஒரு குடும்பம் வாசலில் வந்து நின்றது. பணம் கட்டி எங்கள் வீட்டை புக் செய்திருக்கிறார்களாம். முகவரியும் போட்டோவும் எங்களுடையதுதான். என்ன செய்வது?

பதில்: உங்கள் வீட்டை எப்போதாவது விற்பனைக்கோ வாடகைக்கோ விளம்பரம் செய்திருக்கிறீர்களா? நீங்களோ முந்தைய சொந்தக்காரரோ? அந்தப் பழைய விளம்பரத்தின் படங்கள் இணையத்தில் அப்படியே கிடக்கும், அவைதான் எடுக்கப்பட்டிருக்கும். அந்த விளம்பரம் எந்தத் தளத்தில் இருக்கிறதோ அங்கே எழுதி படங்களை நீக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டின் வெளிப்படத்தையும் ஹால் படத்தையும் லென்ஸில் போட்டால் போலி விளம்பரம் எங்கெங்கே ஓடுகிறது என்று தெரியும், ஒன்றை நீக்கினால் இன்னொன்று முளைக்கும் என்பதால் கொஞ்ச நாள் தொடர்ந்து பாருங்கள். வந்த குடும்பத்திடம் அவர்கள் பார்த்த பக்கத்தின் முகவரி, பணம் போன கணக்கு எண், நடந்த உரையாடல் மூன்றையும் ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் போலீஸ் புகாருக்கு அது வேண்டும்.

அவர்கள்மேல் கோபப்படாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பயணக் களைப்பில், பிள்ளைகள் முன்னால், தாங்கள் ஏமாந்தது அவர்களுக்கு உங்கள் வாசலில்தான் தெரிந்திருக்கும். உட்கார வைத்து, போன் சார்ஜ் போட விட்டு, வங்கிக்கு அப்போதே கூப்பிடச் சொன்னால் அவர்கள் பணத்தில் கொஞ்சமாவது தப்பிக்க வாய்ப்பு உண்டு.

கேள்வி: எல்லாம் தளத்தில்தான் செய்தோம், வீடும் உண்மைதான். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வீட்டுக்காரர் போன் செய்து, "பாத்ரூம் பைப் உடைந்துவிட்டது, இதைவிடப் பெரிய வீடு ஒன்று தருகிறேன்" என்றார். போய்ப் பார்த்தால் அழுக்கும் ஓட்டை மெத்தையும். இதுவும் ஏமாற்றுதானா?

பதில்: பைப் நிஜமாகவே உடையும், அதனால் கேட்ட உடனே திருடன் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். 2024 தொடக்கத்தில் அமெரிக்காவில் வெளியான ஒரு வழக்கில், 10 மாநிலங்களில் கிட்டத்தட்ட 100 வீடுகள், 10,000-க்கும் மேற்பட்ட முன்பதிவுகள் என்று குற்றப்பத்திரிகை சொன்னது. ஒரே வீட்டை வேறு வேறு பெயர்களில், வேறு வேறு விலைகளில் போட்டு, அதிகம் தருகிறவருக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, மற்றவர்களிடம் கடைசி நிமிடத்தில் பைப் மாதிரியான ஒரு கதையைச் சொன்னார்கள் என்பது குற்றச்சாட்டு. 2019-ல் ஒரு பத்திரிகையாளர் தனக்கு சிகாகோவில் நடந்த இதே மாதிரி அனுபவத்தை விசாரித்து எழுதிய பிறகுதான், ஏர்பிஎன்பி தன்னிடம் இருக்கும் வீடுகள் எல்லாவற்றையும் சரிபார்க்கப் போவதாக அறிவித்தது.

இப்படி அழைப்பு வந்தால் போனில் சரி என்று சொல்லிவிடாதீர்கள். "இதைத் தளத்தின் மெசேஜில் எழுதுங்கள், புதிய வீட்டின் பக்கத்தையும் அனுப்புங்கள்" என்று கேளுங்கள். பல பேர் அங்கே பின்வாங்கிவிடுவார்கள், ஏனென்றால் எழுத்தில் வந்தால் ரத்து அவர்கள் தலையில் விழும். அவரே ரத்து செய்தால் உங்களுக்கு முழுப் பணமும் திரும்பும். "நீங்களே கேன்சல் செய்துவிடுங்கள், நான் திருப்பித் தருகிறேன்" என்று சொன்னால் செய்யவே செய்யாதீர்கள், அப்போது ரத்து உங்கள் பக்கம் ஆகி, தளத்தின் விதிப்படி பணம் பிடித்துக்கொள்ளப்படும்.

வேறு வழியில்லாமல் உள்ளே போய்விட்டீர்கள் என்றால் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் வீடியோ எடுங்கள், மெத்தை, குழாய், கதவுப் பூட்டு எல்லாவற்றையும். ஏர்பிஎன்பியில் பிரச்சினை தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று விதி. அவ்வளவு நேரம் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், பணம் வீட்டுக்காரருக்குப் போக அதைவிடக் குறைந்த நேரம்தான் ஆகும், முதல் மணி நேரத்திலேயே எழுதுங்கள்.

கேள்வி: அனுப்பிவிட்டேன். வீடே இல்லை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை, அவமானமாக இருக்கிறது. இனி ஒன்றும் செய்ய முடியாதா?

பதில்: முடியும். ஆனால் வெட்கத்தில் போகும் ஒவ்வொரு மணி நேரமும் அவர்களுக்கு லாபம், அதனால் முதலில் போனை எடுங்கள்.

உங்கள் வங்கியைக் கூப்பிடுங்கள், நம்பரைக் கூகுளில் தேடாதீர்கள், கார்டின் பின்னால் இருப்பதைக் கூப்பிடுங்கள், தேடலில் போலி உதவி எண்களும் வரும். கணக்கிலிருந்து கணக்குக்கு அனுப்பியிருந்தால் "இது மோசடி, பணத்தைத் திரும்ப அழைக்க வேண்டும், பெற்றவர் கணக்கை முடக்கச் சொல்லி அந்த வங்கிக்குத் தெரிவியுங்கள்" என்று தெளிவாகக் கேளுங்கள். பணம் அந்தக் கணக்கில் இன்னும் கிடந்தால்தான் இது பலிக்கும், அதற்குத்தான் இத்தனை அவசரம். கார்டில் கட்டியிருந்தால் சார்ஜ்பேக் கேளுங்கள். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் இதற்குப் பொதுவாக 120 நாள் வரை இருக்கிறது, ஆனாலும் இன்றைக்கே கேளுங்கள். புகார் எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பேசியவர் பெயரையும்.

அடுத்து சாட்சியங்கள். விளம்பரப் பக்கம், உரையாடல், கணக்கு எண், இன்வாய்ஸ் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அந்த ஆளிடம் திட்டி எழுதுவதற்கு முன்னால் எடுங்கள், உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று அறிந்ததும் பக்கத்தை அழித்துவிட்டு உங்களை ப்ளாக் செய்துவிடுவார். அதை வைத்துக்கொண்டு போலீஸின் சைபர் பிரிவில் புகார் கொடுங்கள், விளம்பரம் வந்த தளத்துக்கும் தெரிவியுங்கள். போலீஸ் புகாரின் நகல் இருந்தால் வங்கியும் பயணக் காப்பீடும் உங்களைக் கவனிக்கும் விதமே வேறு. அடையாள அட்டை நகல் அனுப்பியிருந்தால் அதைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள், நாளைக்கு உங்கள் பெயரில் ஒருவர் ஏமாந்தார் என்று வந்தால் உங்களைக் காப்பாற்றுவது அந்த வரிதான்.

வீட்டில் சொல்லுங்கள். பயணத் தேதி நெருங்கும்போது தெரிவதைவிட இப்போது தெரிவது எல்லாருக்கும் நல்லது, வேறு இடம் பார்க்கவும் நேரம் இருக்கும். இதைத் தொழிலாகவே செய்கிற கூட்டம் உங்களை ஏமாற்றியிருக்கிறது, அதற்கு நீங்கள் தலை குனிய வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று, இது கட்டாயம். வரும் வாரங்களில் யாராவது கூப்பிட்டோ எழுதியோ, "உங்கள் பணம் போன இடம் எங்களுக்குத் தெரியும், மீட்டுத் தருகிறோம், சின்னதாக ஒரு கட்டணம் மட்டும் முன்னால் கட்டுங்கள்" என்பார்கள். வக்கீல் என்பார்கள், வங்கி என்பார்கள், போலீஸ் என்றுகூடச் சொல்வார்கள், நீங்கள் இழந்த தொகையைச் சரியாகச் சொல்வார்கள். ஏமாந்தவர்களின் பட்டியல் கைமாறுகிறது, அல்லது அதே ஆட்களே திரும்ப வருகிறார்கள். பணத்தை மீட்க முன்பணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள், அந்த நம்பரையும் உங்கள் புகாரில் சேர்த்துவிடுங்கள்.